அறிந்து ஈதல்

ஈதல் எளிது, அறிந்து ஈதல் அரிது. பசித்து வந்தவனுக்கு ஒரு பிடி சோறிடுவதற்கு இரக்கம் ஒன்றே போதும். ஆனால், ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளை யாருக்கு, எப்பொழுது, எவ்வாறு கொடுத்தல் வேண்டும் என்று துணிவதற்கு இரக்கத்தோடு அறிவும் வேண்டும், உழைப்பும் வேண்டும். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் தமிழ் மக்கள் இன்றும் போற்றி வருகின்றனர். அவர்கள் மலையும் நாடும் உடைய வள்ளல்கள். மாதச் சம்பளத்தைக் கொண்டு வாழும் குடும்பம் அவர்களைப்போல் வாரி வழங்க இயலாது. அதனிடம் உள்ளது சிறுபொருளே. சிறுபொருள் ஆதலினாலேயே, அது வீண்போகாமல் உரியவரைச் சென்று சேரவேண்டும் என்னும் கவலையும் அதற்கு மிகுதியாக உண்டு. அத்தகைய குடும்பம் ஒன்று ஒரு விடுமுறையில் இதனை ஆராய்ந்து முடிவு கண்ட வரலாறு அறியத் தக்கது.

கும்பகோணத்தில், காவிரிக்கு அண்மையில் உள்ள ஒரு தெருவில் அக்குடும்பம் வாழ்ந்து வந்தது. தந்தை ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தராகப் பணியாற்றினார். தாய் தொடக்கப்பள்ளி ஆசிரியை. நாகப்பட்டினத்தை அடுத்த கடற்கரைச் சிற்றூரில் பிறந்தவர். மகள் பத்தாம் வகுப்பிலும், மகன் ஏழாம் வகுப்பிலும் பயின்றனர். தந்தையைப் பெற்ற பாட்டியும் அவர்களுடன் இருந்தார். அவ்வீட்டின் கூடத்து மாடத்தில் எப்பொழுதும் ஒரு மண் உண்டியல் இருக்கும். வீட்டில் உள்ளோர் அனைவரும் தம்மால் இயன்றதை அதில் இடுவர். தந்தை சம்பள நாளில் ஒரு நூறு ரூபாய்த் தாளை இடுவார். பாட்டி தம் ஓய்வூதியத்தில் ஒரு பங்கை மடித்துப் போடுவார். பிள்ளைகள் கடைக்குச் சென்று மீதி கொண்டுவரும் சில்லறையும் அதனுள் விழும். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் நாளில் உண்டியலை உடைத்து எண்ணுவதும், பொங்கலுக்குள் அப்பணத்தை அறத்திற்குச் செலவிடுவதும் அக்குடும்பத்தின் வழக்கம்.

அவ்வாண்டும் உண்டியல் உடைக்கப்பட்டது. மகன் நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கினான். மகள் தாள்களை எண்ணிக் கணக்கெழுதினாள். மொத்தம் 7,240 ரூபாய் இருந்தது. மகன் மகிழ்ச்சியினால் கைகொட்டினான். மகளோ எழுதுகோலைக் கையில் பிடித்தவாறே, "அப்பா, சென்ற ஆண்டு இதில் 6,000 ரூபாய்க்கு மேல் இருந்ததே, அப்பணம் எங்கே போயிற்று?" என்று கேட்டாள்.

தந்தை எண்ணிப் பார்த்தார். வாயிலில் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வந்து நின்ற சிலருக்கு ஐந்நூறு ஐந்நூறாகக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அலுவலக நண்பர் ஒருவர் கேட்டதற்காகச் சிறிது கொடுத்திருந்தார். எஞ்சியது எவ்வாறு செலவாயிற்று என்பது அவருக்கே விளங்கவில்லை. கொடுத்த பணத்தினால் எவருடைய துன்பம் தீர்ந்தது என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. தந்தை நாணமுற்றவராய், "நல்ல கேள்வி கேட்டாய், அம்மா! இவ்வாண்டு நாம் எல்லோரும் சேர்ந்தே முடிவு செய்வோம். ஒவ்வொருவரும் ஒரு வாரம் நேரில் சென்று விசாரித்து அறியுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு உண்டபின் கூடுவோம். மனத்திற்குப் பட்டதை எவரும் அஞ்சாமல் கூறலாம்," என்றார்.

மறுநாளே மகன் தந்தையின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அதில் ஒரு செய்தி வந்திருந்தது. நோயுற்ற குழந்தை ஒன்றின் படம். அதன்கீழ், அறுவை மருத்துவத்திற்கு உடனே பணம் வேண்டும் என்னும் வேண்டுகோள். அதனை அடுத்து ஒரு வங்கிக் கணக்கின் எண். படத்தைப் பார்த்த பாட்டியின் கண்கள் கலங்கின. மகன், "அப்பா, இப்பொழுதே எல்லாவற்றையும் அனுப்பிவிடுவோம்," என்றான்.

தந்தை அச்செய்தியை இருமுறை படித்தார். "தம்பி, இதில் நாள் குறிப்பிடப்படவில்லை, பார். மருத்துவமனையின் பெயர் இருக்கிறது. ஆனால் கணக்கு மருத்துவமனையின் பெயரில் இல்லை. முதலில் கேட்டு அறிவோம்," என்று கூறி, அம்மருத்துவமனையின் பொதுத் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்துப் பேசினார். அக்குழந்தை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவம் பெற்று நலத்துடன் வீடு சென்றுவிட்டது என்றும், பழைய படம் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது என்றும் விடை கிடைத்தது. மகனின் முகம் வாடிற்று. தந்தை அவனைத் தட்டிக்கொடுத்து, "இரங்கியது உன் தவறு ஆகாது. இரக்கத்தை வலையாக வீசுவோரும் உலகில் உளர். ஒருமுறை விசாரிப்பதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அக் கால் மணி நேரமும் நாம் செய்யும் அறத்தின் ஒரு பகுதிதான்," என்றார்.

பின்னர் மகனுக்கு வேறோர் எண்ணம் தோன்றிற்று. ஊர்ப்புறத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகள் வாழும் இல்லம் ஒன்று இருந்தது. பொங்கல் நாளில் அங்குச் சென்று வடை பாயசத்துடன் விருந்தளிக்க வேண்டும் என்று அவன் விரும்பினான். தந்தையும் மகனும் ஒரு மாலை அங்குச் சென்றனர். இல்லத் தலைவியார் அவர்களை அன்புடன் வரவேற்றார். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் இல்லம் பதிவு செய்யப்பட்டதற்குரிய சான்றும், அவ்வாண்டின் வரவுசெலவுக் கணக்கும் அவருடைய அறையிலேயே இருந்தன. தந்தை கேட்குமுன்பே அவற்றை எடுத்துக் காட்டினார்.

மகன் தன் விருப்பத்தைக் கூறினான். தலைவியார் புன்னகை புரிந்து, சுவரில் தொங்கிய நாள்காட்டியைச் சுட்டினார். பொங்கல் நாளில் காலை, நண்பகல், இரவு என மூன்று வேளைக்கும் மூவருடைய பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. தீபாவளி, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு ஆகிய நாள்களும் அவ்வாறே நிரம்பியிருந்தன. "திருநாள்களில் எங்கள் குழந்தைகளுக்கு இனிப்புத் திகட்டிவிடும், தம்பி. சென்ற தீபாவளியன்று ஒரே நாளில் மூன்று வகை விருந்து வந்தது. மறுநாள் இருவருக்கு வயிற்றுவலி," என்று அவர் கூறினார். பிறகு சென்ற ஆண்டின் நாள்காட்டியை எடுத்து ஜூன் மாதத் தாளைப் புரட்டினார். முப்பது கட்டங்களில் இரண்டே கட்டங்களில் பெயர்கள் இருந்தன. "பள்ளிகள் திறக்கும் மாதம். எல்லோருக்கும் செலவு மிகுந்திருக்கும் காலம். அப்பொழுது எங்களை நினைப்பவர் குறைவு. கையில் பணம் குறைந்தால் நாங்கள் முதலில் நிறுத்துவது குழந்தைகளின் பாலைத்தான். இருபத்து நான்கு குழந்தைகளுக்கு நாள்தோறும் பாலுக்கு 250 ரூபாய் ஆகிறது," என்றார்.

மகன் ஒன்றும் பேசவில்லை. வெளியே குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தனர். அவர்களுடன் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று அவன் தயங்கிக் கேட்டான். தலைவியார், "வேண்டாம், தம்பி. இங்குள்ள குழந்தைகளை அடையாளம் காட்டும் படங்களை வெளியிடச் சட்டம் இடந்தருவதில்லை. சட்டம் இல்லாவிட்டாலும், தான் உண்ணுவதைப் பிறர் படம் எடுப்பது உனக்குப் பிடிக்குமா?" என்று கேட்டார். மகன் கைப்பேசியைத் தந்தையிடம் கொடுத்துவிட்டுப் பந்து விளையாடச் சென்றான்.

மகள் தான் வழக்கமாகச் செல்லும் கிளை நூலகத்திற்குச் சென்றாள். இந்திய நூலக இயலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி அரங்கநாதனாரின் முயற்சியால் 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டதை அவள் படித்திருந்தாள். அச்சட்டத்தின் பயனாகவே சிற்றூர்களிலும் நூலகங்கள் பரவின. ஆயினும், அவள் சென்ற நூலகத்தில் போட்டித் தேர்வு நூல்கள் பழையனவாய் இருந்தன. ஒரே நூலுக்கு ஐந்தாறு இளைஞர்கள் காத்திருந்தனர். நூலகரை அவள் வினவினாள். பொது நூலகங்களில் 1,000 ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேரும் முறை உண்டு என்று அவர் தெரிவித்தார். வீட்டில் கிடக்கும் பழைய பாடநூல்களைக் கொண்டுவரலாமா என்றும் அவள் கேட்டாள். "பாடத்திட்டம் மாறிவிட்ட நூல்களை வைக்க இங்கு இடம் இல்லை, அம்மா. என்ன தேவை என்று கேட்டுவிட்டுத் தருவதே உதவி," என்று நூலகர் விடையளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரவு உணவு முடிந்தபின் அனைவரும் கூடத்தில் அமர்ந்தனர். மகன் இல்லத்தைப் பற்றியும், மகள் நூலகத்தைப் பற்றியும் கூறினர். மகள், "நூலகர் பழைய நூல்களை வேண்டாம் என்றது எனக்குச் சிறிது வருத்தமாய் இருந்தது. கொடுப்பதை ஏன் மறுக்கவேண்டும்?" என்றாள்.

அதனைக் கேட்ட தாய் சிறிது நேரம் அமைதியாக இருந்தார். பின்னர்க் கூறத் தொடங்கினார்: "2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை எங்கள் கரையைத் தாக்கிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். நான் அப்பொழுது கல்லூரி மாணவி. விடுமுறைக்காக வீட்டிற்கு வந்திருந்தேன். எங்கள் தெரு மேட்டில் இருந்ததனால் பிழைத்தோம். துயருதவி முகாமில் நானும் தொண்டு செய்தேன். எங்கெங்கிருந்தோ வண்டி வண்டியாகப் பொருள்கள் வந்தன. அரிசியும், குடிநீரும், மருந்தும் எங்களுக்கு உயிர் தந்தன. அவற்றை அனுப்பியவர்களை இன்றும் வாழ்த்துகிறேன். ஆனால், மலைபோல் பழந்துணிகளும் வந்தன. கிழிந்தவை, கறை படிந்தவை, அளவு பொருந்தாதவை. வீட்டையும் மக்களையும் இழந்த ஒரு தாய் அக்குவியலின்முன் நின்றுவிட்டு, ஒன்றையும் தொடாமல் திரும்பிச் சென்றதைக் கண்டேன். முதல்நாள் வரை உழைத்து உண்டு மானத்துடன் வாழ்ந்தவர் அவர். துணிகளைப் பிரித்து அடுக்குவதற்கே தொண்டர் பலருடைய நேரம் கழிந்தது. முடிவில் அவை சாலையோரங்களில் மழையில் நனைந்து கிடந்தன. அனுப்பியவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்களே. ஆனால், என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை."

கூடத்தில் அமைதி நிலவிற்று. மகள் மெல்லத் தலையசைத்தாள்.

தாய் மேலும் கூறினார்: "என் பள்ளிக்குப் பொருள் தரலாம் என்றும் முதலில் எண்ணினேன். 1956-இல் காமராசர் காலத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபொழுது, பல ஊர்களில் பொதுமக்களின் கொடையே அதற்கு அடிப்படையாய் இருந்தது. ஊரார் பிடியரிசி தந்தனர், விறகு தந்தனர். பின்னர் அரசு அச்சுமையை ஏற்றது. 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கிற்று. பாடநூலும் சீருடையும் அரசே தருகிறது. ஆகவே, அன்று ஊரார் கொடுத்ததையே இன்றும் கொடுத்தால் ஒன்று இரண்டாகும். இல்லாதது இல்லாததாகவே இருக்கும். எது ஏற்கெனவே கிடைக்கிறது என்று அறிந்து, எது கிடைக்கவில்லையோ அதனைக் கொடுத்தல் வேண்டும்."

பாட்டி, "எனக்குத் தெரிந்த அறம் சோறிடுவதுதான்," என்று தொடங்கினார். "இராமலிங்க அடிகள் 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவி அடுப்பை மூட்டினார். அன்று மூட்டிய நெருப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. சாதி, சமயம் கேளாமல், வருவோர்க்கெல்லாம் நாள்தோறும் அங்கே உணவு கிடைக்கிறது. என் தாய் கூட்டிச் சென்றபொழுது நானும் அங்கு உண்டிருக்கிறேன். எனவே அங்கே அனுப்பலாம் என்று சொல்ல வந்தேன். ஆனால் பேரன் சொன்னதைக் கேட்டபின் எனக்கு ஒன்று விளங்குகிறது. அந்த அடுப்பின் பெருமை, திருநாள் ஒன்றில் மட்டும் எரிந்து அணையாமல் நாள்தோறும் எரிவதில்தானே இருக்கிறது? திருநாளில் விருந்திடப் பலர் இருக்கிறார்கள். ஜூன் மாதத்துப் பாலுக்கு ஆள் இல்லை என்கிறான் இவன். நான் வடலூருக்கு என் ஓய்வூதியத்திலிருந்து அனுப்பிக்கொள்கிறேன். உண்டியல் பணம் பாலுக்குப் போகட்டும்."

தந்தை, "கொடுத்துவிட்டு மறப்பதும் தவறு," என்றார். "பச்சையப்ப முதலியார் பெரும்பொருள் ஈட்டி, அதனை அறங்களுக்கென்று உயில் எழுதி வைத்து 1794-இல் மறைந்தார். பொறுப்பேற்றவர்கள் அவர் விருப்பத்தை உரியவாறு நிறைவேற்றவில்லை. பல்லாண்டுகள் வழக்கு நடந்தது. நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அறங்கள் ஒழுங்குபட்டன. எஞ்சிய பொருளைக்கொண்டு 1842-இல் சென்னையில் பள்ளியும் தோன்றிற்று. இலட்சக்கணக்கான பொருளுக்கே அந்நிலை என்றால், நம் ஏழாயிரத்திற்குச் சொல்ல வேண்டுவதில்லை. கணக்குக் காட்டும் இடத்திற்கே கொடுப்போம். கொடுத்தபின் ஒருமுறையேனும் சென்று பார்ப்போம்."

அனைவரும் ஒருமனப்பட்டதுபோல் தோன்றிற்று. மகள் கணக்கேட்டைத் திறந்தாள். அப்பொழுது மகன், "நான் ஒன்று கேட்கலாமா, அப்பா?" என்றான். அவன் குரல் தாழ்ந்திருந்தது. "நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அத்தை, செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் 4,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். அவர்களுடைய மகள் செவிலியர் படிப்புப் படிக்கிறாளாம். ஜனவரி 5-ஆம் தேதிக்குள் விடுதிக் கட்டணம் கட்ட வேண்டுமாம். பொங்கலுக்குப் பின் பார்க்கலாம் என்று அம்மா சொன்னார்கள். நான் கிணற்றடியில் இருந்தேன். அத்தை சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் பாத்திரம் துலக்கினார்கள். அப்பொழுது மாடத்தில் உண்டியல் பணம் 7,240 ரூபாய் இருந்தது. அதை அவர்களுக்கே கொடுத்தால் என்ன?"

எவரும் விடை கூறவில்லை. தாயின் முகம் சிவந்தது. சிறிது நேரத்திற்குப்பின் அவரே பேசினார். "அவன் சொல்வது உண்மை. திருநாள் செலவுக்கென்று எடுத்து வைத்த பணம் குறைந்துவிடுமே என்று எண்ணி அவ்வாறு சொன்னேன். அது மட்டுமன்று. மூன்று ஆண்டுகளாக அவருக்கு மாதம் 2,500 ரூபாயே கொடுத்து வருகிறோம். அரிசி விலை ஏறிற்று. எனக்குச் சம்பளம் ஏறிற்று. அவருக்கு மட்டும் ஏறவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை."

தந்தை மகனை நோக்கினார். "தம்பி, நீ கேட்டது நன்று. ஆனால், அவருக்கு உண்டியல் பணத்தைக் கொடுப்பது முறையாகாது. உண்டியலில் இருப்பது ஈகைக்குரிய பொருள். அவருக்குச் சேரவேண்டியது உழைப்பின் ஊதியம். ஊதியத்தை ஈகை என்று பெயரிட்டுக் கொடுத்தால், நாம் பட்ட கடனையே தருமக் கணக்கில் எழுதிக்கொண்டவர் ஆவோம். அதை நம் சொந்தச் செலவிலிருந்து கொடுக்க வேண்டும்."

மகளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. "அப்பா, திருக்குறளில் 'ஈகை' என்னும் அதிகாரத்திற்கு முன்னே 'ஒப்புரவறிதல்' வைக்கப்பட்டிருக்கிறது. உடன் வாழ்வோர்க்குச் செய்ய வேண்டியதை அறிந்து செய்த பிறகுதான் ஈகையைப் பற்றிப் பேசவேண்டும்போலும்," என்றாள்.

பொங்கல் புத்தாடைக்கென்று 9,000 ரூபாய் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அதனை என்ன செய்வது என்று இப்பொழுது ஆராய்ந்தனர். அவ்வம்மையாருக்குத் திருநாள் ஊதியமாக ஒரு மாதச் சம்பளம் 2,500 ரூபாய் கொடுப்பது என்றும், அவர் கேட்ட 4,000 ரூபாயை மறுநாளே கொடுப்பது என்றும், ஜனவரி முதல் மாத ஊதியத்தை 3,000 ரூபாயாக உயர்த்துவது என்றும் முடிவாயிற்று. எஞ்சியது 2,500 ரூபாய். அதில் பிள்ளைகள் இருவருக்கும் எளிய ஆடை வாங்கலாம். பெரியவர்களுக்கு அவ்வாண்டு புத்தாடை இல்லை. மகன், "அந்த 4,000 ரூபாயைத் திருப்பித் தரவேண்டாம் என்று சொல்லிவிடலாமே," என்றான். பாட்டி மறுத்தார். "அவள் முன்பணம் என்று கேட்டாள், முன்பணம் என்றே கொடுங்கள். மாதம் சிறிது சிறிதாகக் கழிக்கட்டும். கேட்டதைக் கேட்டபடி கொடுத்தால்தான் அவள் தலை நிமிர்ந்து வாங்கிக்கொள்வாள்," என்றார்.

பின்னர் உண்டியல் பணத்தைப் பற்றிப் பேசினர். பத்து இடங்களுக்குச் சிறிது சிறிதாகப் பிரித்தால் எவ்விடத்திலும் ஒரு வேலையும் முற்றுப்பெறாது என்று தந்தை கூறினார். எனவே, இரண்டே இடங்களைத் தேர்ந்தனர். நூலகத்திற்கு 1,000 ரூபாய். மகள் பெயரில் அல்லாமல் குடும்பத்தின் பெயரில் புரவலராவது. எஞ்சிய 6,240 ரூபாய் குழந்தைகள் இல்லத்தில் ஜூன் மாதத்துப் பாலுக்கு. மகன் விரைந்து கணக்கிட்டான். நாளுக்கு 250 ரூபாய் வீதம் இருபத்தைந்து நாளுக்கு 6,250 ரூபாய் ஆகும். பத்து ரூபாய் குறைந்தது. அவன் எழுந்து சென்று தன் பெட்டியிலிருந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தைக் கொண்டுவந்து வைத்தான்.

பொருளினால் மட்டுமே ஈதல் இயலும் என்று எண்ணுதல் கூடாது. விடுமுறைக் காலங்களில் கல்லூரிகள் மூடியிருப்பதால் குருதிக்கொடை அளிப்போர் குறைவர். விபத்தும் மகப்பேறும் விடுமுறை பார்ப்பதில்லை. ஆதலின், தந்தை அரசு மருத்துவமனைக் குருதி வங்கிக்குச் சென்று 350 மில்லி லிட்டர் குருதி அளித்து வந்தார். உடல்நலம் உடையவர்கள் பதினெட்டு வயது முதல் குருதி அளிக்கலாம் என்பதையும், ஆடவர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், பெண்டிர் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் அளிக்கலாம் என்பதையும் அவர் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தார். பாட்டியோ கண்தானப் படிவத்தில் கையெழுத்திட்டார். அவர் கண்புரை நீக்கிக்கொண்டவர், மூக்குக்கண்ணாடி அணிபவர். அத்தகையோரும், வயது முதிர்ந்தோரும் கண்தானம் செய்யலாம் என்று மருத்துவர் விளக்கியிருந்தார். "படிவம் மட்டும் போதாது. நான் இறந்து ஆறு மணி நேரத்திற்குள் நீங்கள் கண் வங்கிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அழுதுகொண்டே இருந்துவிடாதீர்கள். என் இரண்டு கண்களும் இருவருக்கு ஒளி தரும்," என்று பாட்டி எல்லோரிடமும் உறுதி வாங்கிக்கொண்டார்.

பொங்கல் வந்தது. புத்தாடையின்றியே பெரியவர்கள் பானைக்கு மஞ்சள் கட்டினர். அன்று முற்பகலில் வேலை செய்யும் அம்மையார் தம் மகளுடன் வந்தார். விடுதிக் கட்டணம் செலுத்திய சீட்டை அம்மாணவி தாயிடம் காட்டினாள். பாட்டி அவ்விருவரையும் கூடத்தில் அமர்த்தி வாழையிலை போட்டுப் பரிமாறினார். அவ்வம்மையார் அவ்வீட்டில் எட்டு ஆண்டுகள் பணியாற்றியிருந்தார்; கூடத்தில் இலைமுன் அமர்ந்து உண்டது அன்றுதான் முதல்முறை. அதனை எவரும் வாய்விட்டுக் கூறவில்லை, எல்லோரும் உணர்ந்தனர்.

மாதங்கள் சென்றன. ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த இரண்டாம் வாரம், ஒரு மாலையில் தந்தையும் மகனும் இல்லத்திற்குச் சென்றனர். குழந்தைகள் வரிசையாக அமர்ந்து பால் அருந்திக்கொண்டிருந்தனர். அதைக் கொடுத்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. பந்து விளையாடிய சிறுவர்களுள் ஒருவன் மகனை அடையாளம் கண்டு, "அண்ணா, இன்றைக்கும் விளையாட வந்தீர்களா?" என்று கேட்டான். மகன், "ஆம்," என்று கூறித் திடலுக்கு ஓடினான். தலைவியார் பற்றுச்சீட்டுகளையும் பால் கணக்கையும் தந்தையிடம் காட்டினார். கணக்கு ஒரு ரூபாயும் பிசகாமல் இருந்தது.

அன்றிரவு மகள் கணக்கேட்டில், 'சென்ற ஆண்டுப் பணம் எங்கே போயிற்று?' என்று தான் கேட்ட வினாவின்கீழ், சென்ற இடத்தையும் தொகையையும் எழுதி முடித்தாள். மாடத்தில் புதிய மண் உண்டியல் இருந்தது. அதில் ஏற்கெனவே சில நாணயங்கள் விழுந்திருந்தன.

கொடுப்பதற்குமுன் கேட்டல், கொடுக்கும்பொழுது பெறுவோர் மானத்தைக் காத்தல், கொடுத்தபின் சென்று காணுதல் ஆகிய மூன்றும் ஈகைக்கு இன்றியமையாதன. அவை மூன்றிற்கும் முன்னதாக, தம்மிடம் உழைப்பவர்க்கு உரியதைக் குறைவின்றி அளித்தல் வேண்டும். பொருள் மிக உடையவர்க்கு மட்டுமன்றி, மாடத்து உண்டியலில் நாணயம் இடும் சிறுவர்க்கும் இந்நெறி கைகூடும். விடுமுறை நாள்களில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கி, குடும்பத்தார் அனைவரும் கூடி அமர்ந்து பேசுவார்களாயின், அவர்தம் சிறுபொருளும் பெரும்பயன் விளைக்கும்.